உப்புப் பாத்தியும் ரிஸ்க் படிப்பும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. மனசுக்குள் வேறொரு விஷயம் பல மாதமாக உறுத்திக்கொண்டே இருந்ததுதான் காரணம். அதையே எழுதிவிடலாம் என்று துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு ஊர் இரும்பை. ஆரோவில் பக்கம், சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் உள்ள ஊர் என்றால் சிலருக்குத் தெரியும். அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். முந்திரிக் காலத்தில் கொட்டை பொறுக்கவும் போவோம். அம்மா பிறந்தது மரக்காணம் பக்கம். கல்யாணம் ஆகும் வரை உப்பளத்தில் உப்பு சுமந்தவர். என் தாய்மாமா இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார். எங்கள் இரண்டு வீட்டிலும் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவள் நான்தான் முதல். அதனால் இந்தக் கட்டுரையில் பெரிய புத்தகத்துப் பேச்சு அதிகம் இருக்காது.

ரிஸ்க் என்றால் என்ன?

போன வருஷம் நம் கருத்தரங்குக் கூடத்தில் ஒரு கம்பெனி அதிகாரி வந்து பேசினாரே, ஞாபகம் இருக்கிறதா? பாதிப் பேர் தூங்கினோம். நானும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அவர் பலகையில் ஒரு கட்டம் போட்டார். ஒரு பக்கம், கெட்டது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை. இன்னொரு பக்கம், நடந்தால் எவ்வளவு சேதம் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை. இரண்டையும் பெருக்கினால் ரிஸ்கின் அளவு. இருபத்தைந்து வந்தால் உடனே கவனி, இரண்டு வந்தால் மெல்லப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு நான்கு வழிகளைச் சொன்னார். ஆபத்தைத் தவிர்ப்பது, குறைப்பது, வேறொருவருக்கு மாற்றிவிடுவது, ஏற்றுக்கொள்வது. இன்ஷூரன்ஸ் போடுவது மூன்றாவது வழிக்கு உதாரணம் என்றார்.

ஒரு நிறுவனத்தில் இதை உற்பத்தி, கொள்முதல், கணக்கு, ஆட்கள், சட்டம் என்று எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து ஒன்றாகப் பார்க்க வேண்டுமாம். அதற்கென்று தனிப் படிப்பு, தனிச் சான்றிதழ், தனிப் பதவி எல்லாம் இருக்கிறது என்று சொல்லி முடித்தார். நாமும் கை தட்டிவிட்டு வெளியே வந்தோம்.

எனக்கு அன்றைக்கு பஸ்ஸில் போகும்போது ஒரே யோசனை. இந்த நான்கு வழியில் மூன்றை என் மாமா தினம் தினம் செய்கிறாரே! அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

மாமாவின் கணக்கு

மரக்காணம் உப்பளத்தைப் பார்க்காதவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தரம் போய் வாருங்கள். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாகக் கிடக்கும். தை மாதம் வாக்கில் சேற்றை மிதித்துப் பாத்தியைச் சீராக்கி வேலையை ஆரம்பிப்பார்கள். வடகிழக்குப் பருவமழை வரும் வரைதான் உப்பு. அதற்குப் பிறகு மூன்று மாதம் அடுப்பு எரிவதே கஷ்டம். அண்மை ஆண்டுகளில் அந்த மாதங்களுக்கென்று அரசு 5,000 ரூபாய் உதவி அறிவித்துக் கொடுக்கிறது. அந்தக் காலத்தில் அதுவும் இல்லை என்பார் அம்மா.

நாம் லேபில் ஹைட்ரோமீட்டர் விட்டு போமே டிகிரி பார்க்கிறோம் அல்லவா? கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரிக்கு வந்தால் சமையல் உப்பு கல்லாக விழ ஆரம்பிக்கும். 29 டிகிரிக்கு மேலே போக விட்டால் மக்னீசியம் உப்பும் சேர்ந்து இறங்கி, உப்பு கசந்து ஈரமாகிவிடும். அதற்குள் கழிவுத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மாமாவிடம் மீட்டர் கிடையாது. தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டு விரலைத் தேய்த்து, "நாளைக்கு வாரலாம்" என்பார். வந்திருக்கும்.

"எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் வாரினால் வேலை சீக்கிரம் முடியுமே மாமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அடி போடீ பாப்பா. ஒண்ணா வெளைய விட்டு, ஒரு மழை அடிச்சுதுன்னா ஒண்ணா போயிடும். நாலு பாத்தி முன்ன, நாலு பாத்தி பின்னன்னு வெச்சாத்தான் நாலாவது மிஞ்சும்" என்றார்.

கருத்தரங்கில் வந்த அதிகாரி இதையேதான் ஆங்கிலத்தில் சொன்னார். ஒரே கூடையில் எல்லாவற்றையும் வைக்காதே என்று. ஐப்பசி கார்த்திகையில் உப்பே போடுவதில்லை, அது தவிர்ப்பது. வாரிய உப்பை மேடான இடத்தில் குவித்துத் தார்ப்பாயும் கீற்றும் போட்டு மூடுவது, வரப்பைப் பலப்படுத்துவது, இவை குறைப்பது. அதையும் மீறி மே மாதத்தில் ஒரு கோடை மழை வந்து பாத்தியிலுள்ள உப்பைக் கரைத்தால், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தண்ணீர் கட்டிப் பத்துப் பதினைந்து நாள் காத்திருப்பார்கள். அதுதான் ஏற்றுக்கொள்வது.

மூன்றாவது வழி, அதாவது வேறொருவருக்கு மாற்றிவிடுவது மட்டும் மாமாவுக்குக் கிடையாது. நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு இருக்கிறது. உப்பு பயிர் இல்லையே! மாமா சொந்தப் பாத்திக்காரரும் அல்ல. குத்தகை எடுத்தவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்பவர். வாரிய உப்புக்குத்தான் கூலி. மழை பெய்தால் கூலி கரைந்துவிடும், முன்பணம் கரையாது, அடுத்த வருஷக் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். விலை இறங்கினாலும் வியாபாரி குத்தகைக்காரர் தலையில் கட்டுவார், குத்தகைக்காரர் மாமா தலையில் கட்டுவார். மாமாவுக்குக் கீழே யாரும் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த நான்கு கட்டத்தில் 'மாற்றிவிடுவது' என்று எழுதியிருக்கிறதே, அது எங்கேயோ ஒருவர் மேல் போய் விழுகிறது. யார் மேல் விழுகிறது என்று அந்தக் கட்டத்தில் எழுதவில்லை.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரைக்கு வருவதற்குள் வலுவிழந்துவிடும் என்று ஒரு நாள் சொன்னார்கள். மறுநாள் புயலாகவே மாறியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மரக்காணம் உப்பளம் முழுக்க ஒரே கடலாகத் தெரிந்தது. எங்கள் வீட்டு ஷீட்டும் பறந்தது. மாமா மட்டும் இரண்டு நாள் முன்னாலேயே குவியல்களை இன்னும் ஒரு சுற்றுத் தார்ப்பாய் போட்டுக் கட்டி வைத்திருந்தார். "வராதுன்னு சொன்னாங்களே மாமா?" என்று கேட்டதற்கு, "வராட்டி அவுத்துக்கலாம். வந்தா கட்ட முடியுமா?" என்றார். இதைவிட எளிமையாக ரிஸ்க் மேலாண்மையை யாரும் சொல்லிவிட முடியாது என்பது என் தாழ்மையான கருத்து. அப்படியும் பாதி உப்பு போனது.

என் பயிற்சி நோட்டில் எழுதாத ஒன்று

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல.

போன விடுமுறையில் நாம் எல்லோரும் தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போனோம். நான் போனது ஒரு சிறிய தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே தகடு அடிக்கிற பவர் பிரஸ் ஒன்று இருந்தது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்க வேண்டும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நான் மின்னியல் மாணவி ஆயிற்றே, முதல் நாளே பேனலைப் பார்த்தேன். ஒரு பட்டனை ஒயர் போட்டு ஷார்ட் செய்து வைத்திருந்தார்கள். ஒரு கையால் அழுத்தினாலே அச்சு இறங்கியது.

அந்த மெஷினில் வேலை பார்த்த அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். "பட்டன் கெட்டு ரெண்டு மாசம் ஆவுது தங்கச்சி. வாங்கித் தரலை. இப்படி இருந்தாத்தான் பீஸும் ஏறுது" என்று சிரித்தார். பீஸ் கணக்கில்தான் அவருக்குச் சம்பளம்.

நான் பயிற்சி நோட்டில் அதை எழுதவில்லை. சூப்பர்வைசர்தான் தினமும் அந்த நோட்டில் கையெழுத்துப் போடுவார். வம்பு எதற்கு, சான்றிதழ் கிடைக்காமல் போய்விட்டால் அப்பாவிடம் என்ன சொல்வது என்று பயந்தேன். "பவர் பிரஸ் இயங்கும் விதம் கற்றேன்" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். சூப்பர்வைசர் 'நன்று' என்று போட்டார்.

ஒன்பதாம் நாள் மதியம் அந்த அண்ணனின் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டார், சொல்லவில்லை. இப்போது இந்த மலரில் படித்துத்தான் அவருக்குத் தெரியப்போகிறது, யாராவது படித்துக் காட்டினால்.

பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன். யார் மேல் தப்பு? பட்டனின் விலை சில நூறு ரூபாய். வாங்குகிற பிரிவில் இருந்தவருக்கு அது அவசரமில்லாத சின்னச் சாமான். பட்டியலில் கடைசியில் போட்டார். மெயின்டனன்ஸ் ஆளுக்கு மெஷின் நிற்கக் கூடாது, ஒயரைப் போட்டார். உற்பத்தி பார்ப்பவருக்கு அந்த மாதம் ஆர்டர் அதிகம், இலக்கை ஏற்றினார். கணக்குப் பிரிவு பீஸ் கணக்கில் கூலி போட்டது. ஒவ்வொருவரும் தம் தம் வேலையைத்தான் பார்த்தார்கள். நாலும் சேர்ந்த இடத்தில் ஒரு மனிதனின் கை இருந்தது. அந்த இடத்தைப் பார்க்க வேண்டியவர் என்று யாருமே அங்கே இல்லை. பார்த்தவள் நான் ஒருத்தி. நானும் வாய் திறக்கவில்லை.

வியாபாரம் முழுவதற்குமான ரிஸ்க் படிப்பு என்று அந்த அதிகாரி சொன்னாரே, அதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

பெரிய இடத்துக் கதையும் இதுதான்

சின்னத் தொழிற்சாலையில் அப்படித்தான் இருக்கும், பெரிய கம்பெனியில் நடக்காது என்று நினைக்காதீர்கள். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபால் யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதை நாம் படித்திருக்கிறோம். ஒரு வால்வு, ஒரு தவறு என்று படித்துவிட்டுப் போகிறோம். உள்ளே போய்ப் பாருங்கள். அந்த ரசாயனத்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டிய குளிர்சாதன அமைப்பைச் சில மாதம் முன்பே நிறுத்தியிருந்தார்கள். கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம், குழாய் மாற்றும் வேலைக்காக இணைப்பின்றிக் கிடந்தது. செலவைக் குறைக்க ஆட்களையும் குறைத்திருந்தார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் அந்தந்தப் பிரிவில் ஒரு நியாயம் இருந்திருக்கும். எல்லாம் ஒரே இரவில் சேர்ந்துகொண்டன. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982லேயே ஆபத்து வருகிறது என்று எழுதி எச்சரித்தார். கேட்பதற்குத்தான் காது இல்லை.

நமக்கு அருகிலுள்ள நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மே 7ஆம் தேதி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் விபத்து. உயிர்கள் போயின. இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 1ஆம் தேதி, அதே நிலையத்தில் இன்னொரு யூனிட்டில் மறுபடியும் விபத்து, மறுபடியும் உயிர்கள். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. மாமாவைப் போல அவர்களுக்கும் கீழே யாரும் இல்லை.

மெஷினும் பாய்லரும் இருக்கும் இடத்துக்கு மட்டும்தான் இது என்றும் இல்லை. காகிதமும் டெலிபோனும் மட்டும் இருந்த ஓர் இடத்திலும் நடந்தது. 1762இல் லண்டனில் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி, 1995 பிப்ரவரியில் ஒரே ஊழியரால் கவிழ்ந்தது. சிங்கப்பூர் கிளையில் இருந்த நிக் லீசன் என்பவர்தான் சந்தையில் வாங்கி விற்பவர்; அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் பிரிவுக்கும் அவரே பொறுப்பு. நஷ்டத்தை மறைத்து மறைத்து 82 கோடிப் பவுனுக்கு மேல் ஏற்றிவிட்டார். களத்து நெல்லுக்குக் காவலும் அவரே, கணக்கும் அவரே என்றால் என்ன ஆகும் என்று நம் ஊர் விவசாயிக்குத் தெரியும். லண்டன் வங்கிக்குத் தெரியவில்லை.

படிப்பு இருக்கிறது, யாருக்கு?

இப்படி அடிமேல் அடி வாங்கித்தான் உலகம் இந்தப் படிப்பை உண்டாக்கியது. லண்டனில் 1986இல் ரிஸ்க் மேலாண்மைக்கென்றே ஒரு கழகம் ஏற்பட்டது. இந்தியாவிலும் அதன் தேர்வுகளை எழுதலாம். 2009இல் ஐ.எஸ்.ஓ. 31000 என்ற பொது நெறிமுறை வந்தது; 2018இல் திருத்தினார்கள். நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், கம்பெனியின் ஆண்டறிக்கையில் ரிஸ்க் மேலாண்மை பற்றி இயக்குநர்கள் சொல்லியாக வேண்டும் என்கிறது. பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் கம்பெனிகள் இதற்கென்று தனிக் குழு வைக்க வேண்டும் என்று செபி 2021இல் விதித்தது.

நல்லதுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சற்றே சிந்தித்துப் பாருங்கள் நண்பர்களே, இந்தப் பயிற்சியெல்லாம் எந்த மாடியில் நடக்கிறது? எம்.பி.ஏ. படித்தவருக்கும், சார்ட்டர்ட் அக்கவுண்டன்டுக்கும், குளிர்சாதன அறையில் நடக்கிறது. கட்டணத்தைக் கேட்டால் நம் வீட்டில் தலை சுற்றும். பாடம் ஆங்கிலத்தில். பட்டன் கெட்டுப்போவதோ கீழ்த்தளத்தில். அந்தக் கீழ்த்தளத்தில் நிற்கப்போவது யார்? டிப்ளமோ முடித்த நாம்தான். மேலே இருப்பவருக்கும் மெஷினில் நிற்பவருக்கும் நடுவில் நிற்பவர்கள் நாம். இரண்டு பக்கத்துப் பேச்சும் நமக்குத்தான் புரியும். நமக்கு இந்தப் படிப்பு சில பக்கப் பாடம், இரண்டு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், அபாயத்தைப் பார்க்கிறவனுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர் அதைப் பார்ப்பதில்லை. மாமாவுக்கு உப்பளத்தின் எல்லா ரிஸ்கும் விரல் நுனியில் தெரியும்; அவர் சொல்லை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை. இந்த இரண்டு பேரையும் சேர்க்காத பயிற்சி, எத்தனை சான்றிதழ் கொடுத்தாலும் பாதிப் பயிற்சிதான். சேர்க்கிற இடத்தில் நாம் நிற்கிறோம். ஆகவே முதலில் பயிற்சி கொடுக்க வேண்டியது நமக்கே என்பது என் வாதம்.

சிலர் கேட்கலாம்

"இதெல்லாம் முதலாளி கவலை, நமக்கு எதுக்கு?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். விரல் போனது முதலாளிக்கு அல்லவே என்றேன்.

"சொன்னால் வேலை போய்விடுமே?" என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான பயம். நான் பயந்ததும் இதற்குத்தான். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயகரமான தொழிலில் இருப்பவர் உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டுவது அவருடைய உரிமை என்று சேர்த்தார்கள். 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் ஆபத்து பற்றி முறையிடும் உரிமை தொழிலாளிக்கு இருக்கிறது. ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றும் அது சொல்கிறது. பழைய சட்டத்தில் அது ஆயிரம் பேராக இருந்தது. உரிமை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் பேசியிருப்பேனா? சத்தியமாகச் சொல்கிறேன், உறுதியாகத் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததால் பேசவே இல்லை, அது மட்டும் நிச்சயம். அதோடு, தனியாக ஒருத்தி போய்ச் சொல்வது வேறு. எந்தப் படிவத்தில், யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்று பழகிக்கொண்டு சொல்வது வேறு. பயிற்சி என்பது அந்தப் பழக்கம்தான்.

"எல்லாம் தலையெழுத்து" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. தார்ப்பாய் கட்டிய மாமாவிடம் அனுப்பி வைக்கிறேன்.

நாம் செய்யக் கூடியவை

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போவது அழகல்ல. ஆகவே நம் மாணவர் பேரவைக்கும் மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும் சில கோரிக்கைகளைப் பணிவுடன் வைக்கிறேன்.

ஒன்று: தொழிற்சாலைப் பயிற்சிக்கு அனுப்பும் முன் இரண்டு நாள் இங்கேயே தமிழில் ரிஸ்க் பயிற்சி கொடுக்க வேண்டும். ஹெல்மெட் போடு, ஷூ போடு என்பதோடு நிற்கக் கூடாது. ஒரு பிரிவில் மிச்சம் பிடிக்கிற ரூபாய் இன்னொரு பிரிவில் எங்கே போய் ஆபத்தாக நிற்கும் என்று உதாரணத்தோடு சொல்லித் தர வேண்டும். போபால் ஒன்றே இரண்டு நாளுக்குப் போதும்.

இரண்டு: பயிற்சி நோட்டில் ஒரு தாள், சூப்பர்வைசர் கையெழுத்துக்குப் போகாமல் நேராக நம் பயிற்சி அலுவலரிடம் வர வேண்டும். 'நான் பார்த்த அபாயம்' என்பதே அதன் தலைப்பாக இருக்கட்டும். தொழிற்சாலையிடம் பேச வேண்டியதைக் கல்லூரி பேசட்டும். என்னிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் முதல் நாளே எழுதியிருப்பேன்.

மூன்று: நம் ஒர்க் ஷாப்பிலும் லேபிலும் ஆளுக்கு ஒரு நோட்டு தொங்கட்டும். அடிபட்டதை மட்டும் எழுதாமல், 'நல்ல வேளை, தப்பித்தோம்' என்பதையும் பெயர் போடாமல் எழுதலாம். மாதம் ஒரு முறை துறைத் தலைவரும் பேரவைப் பிரதிநிதியும் படித்து, என்ன செய்தோம் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். எழுதியதற்குப் பதில் வரவில்லை என்றால் மறுமாதம் யாரும் எழுத மாட்டார்கள்.

நான்கு: மார்ச் 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு தினம். 1966இல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கிய நாள் அது. உறுதிமொழி வாசித்து மிட்டாய் சாப்பிடுவதோடு முடித்துவிடாமல், அன்று நாமே குழுக்களாகப் பிரிந்து நம் கட்டடத்தைச் சோதிக்கலாம். மின்னியல் மாணவர்கள் இயந்திரவியல் கூடத்தைப் பார்க்கட்டும், அவர்கள் எங்கள் லேபைப் பார்க்கட்டும். தன் கண்ணுக்குத் தெரியாத தூசு அடுத்தவன் கண்ணுக்குத் தெரியும்.

ஐந்து: சென்னையில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்திலிருந்து ஒருவரை அழைத்து, தொழிற்பாதுகாப்பு மேற்படிப்புப் பற்றி நமக்குச் சொல்லச் செய்யலாம். டிப்ளமோ முடித்தவர்களும் அனுபவத்துக்குப் பின் போகக்கூடிய வழி அது. இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு யார் சொல்வார்கள்?

முடிவாக

வருமுன் காப்பவன், வந்தபின் காப்பவன், வந்தாலும் காவாதவன் என்று மூன்று மீன்களின் கதையைச் சின்ன வகுப்பில் படித்திருக்கிறோம். எங்கள் ஊர் ஏரிக்கரையில் உட்காரும்போது எனக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வரும். முன்பெல்லாம் முதல் மீனுக்கு அறிவு அதிகம் என்று நினைப்பேன். இப்போது வேறொரு சந்தேகம் வருகிறது. வலை வரப்போவது அந்த மீனுக்குத் தெரிந்திருந்தது. மற்ற இரண்டுக்கும் அது கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னதா? சொன்னபோது அவை கேட்டனவா? கேட்கிற மாதிரி சொல்ல அதற்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

அந்த அண்ணனைப் பொங்கலுக்கு முன்பு பஸ் நிலையத்தில் பார்த்தேன். பையை வலது கையில் பிடித்திருந்தார். "என்ன தங்கச்சி, பரீட்சை எல்லாம் நல்லா எழுதினியா?" என்று அதே சிரிப்போடு கேட்டார். எழுதினேன் அண்ணா என்றேன். முதல் நாள் நான் பேனலைப் பார்த்ததை அவர் மறந்திருக்கலாம். என்னால் மறக்க முடியவில்லை.

இன்னும் சில மாதத்தில் நாம் எல்லோரும் ஆளுக்கு ஒரு தொழிற்சாலைக்குப் போய்விடுவோம். ஏதோ ஒரு பேனலில் ஏதோ ஓர் ஒயர் போட்டிருக்கும். அதைப் பார்க்கும் கண்ணை இந்தப் பாலிடெக்னிக் நமக்குக் கொடுத்துவிட்டது. வாயையும் கொடுக்கட்டும்.



மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை,
இரும்பை.